பின்பக்கக் கூண்டுக்கு வெறும் தண்ணீர்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, அறுபது கோழிக்குஞ்சுகள், ஆக மொத்தம் அறுபத்திரண்டு பேரும் சுகம். உன் சுகத்துக்கும், அந்த இருமல் விட்டதா என்பதற்கும் பதில் எழுதவும்.

நீ அனுப்பிய பெட்டி நேற்று பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. புட்டிகள் கலகலவென்று சத்தம் போட, அங்கிருந்த குமாஸ்தா, "என்ன சார், உடம்புக்கு டானிக்கா?" என்றார். "எனக்கில்லீங்க, என் கோழிங்களுக்கு" என்றேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எட்டாவதைத் தாண்டாதவனை, முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதினவனை, ஓய்வு பெற்ற பிறகு ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டிருக்கிறாய். உனக்கு நன்றி. சும்மா உட்கார்ந்திருந்தால் நான் உன் அக்காவின் சமையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பேன். அவளும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நீ சொன்னபடி முன்பக்கக் கூண்டில் முப்பது, பின்பக்கக் கூண்டில் முப்பது. காலில் எண் வளையம் மாட்டியாயிற்று. டிக்கெட் கிழித்த கைக்கு அது பழகின வேலைதான். பின்பக்கத்தில் நாற்பத்தொன்றாம் நம்பர் மட்டும் ஒரு மாதிரி. யார் எதைத் தின்றாலும் பக்கத்தில் போய் நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, ஒரு கொத்து கொத்துகிறது. 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். என் சர்வீசில் இதே மாதிரி ஒருத்தரிடம் நிறையப் பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். சிவப்பு மூடியில் ஆறு புட்டி, நீல மூடியில் ஆறு புட்டி. உள்ளே இரண்டும் ஒரே பழுப்பு. இதில் எது மருந்து, எது வெறும் தண்ணீர்? அப்பாவுக்கு மட்டும் சொல்லேன்.

உன் அப்பா
(மாஜி கண்டக்டர், தற்போது கோழிகளிடம் வேலை)


பிப்ரவரி 10

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இருமல் போய்விட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி? அக்கா எப்படி இருக்கிறாள்? நான் எழுதினால் அவள் பதில் போடுவதே இல்லை.

எது மருந்து என்று சொல்ல மாட்டேன். தெரிந்தால் உங்கள் கை தாராளமாகிவிடும், எனக்குத் தெரியாதா? ஒன்றில் வேப்பிலை, துளசி, மஞ்சள் மூன்றும் சேர்ந்த சாறு. இன்னொன்றில் நிறம் சேர்த்த தண்ணீர். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி இரண்டு கூண்டுக்கும் உண்டு. ஊசிக்குப் பதிலாகச் சாறு கொடுக்கவில்லை, அதை மட்டும் யாரிடமும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். ஊசி போட்ட பிறகு கோழியின் ரத்தத்தில் நோயை எதிர்க்கிற சத்து ஊறும். சாறு குடித்த கோழிக்கு அது கொஞ்சம் கூடுதலாக ஊறுகிறதா என்பதுதான் என் கேள்வி. அதற்கு வெறும் தண்ணீர் குடிக்கிற கூண்டு ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால், மருந்து குடிக்கிற கூண்டை வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்ல முடியாது.

இதற்கு முன் இரண்டு இடத்தில் தொடங்கினோம். ஒரு பண்ணையில் வெள்ளம் புகுந்துவிட்டது. இன்னொரு பண்ணையில் பாதியிலேயே கோழிகளை விற்றுவிட்டார்கள். மிச்சம் நம் வீடுதான். இதுவும் கெட்டால் என் இரண்டு வருஷ வேலை போச்சு. என் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற பேராசிரியர் அம்மா நல்லவர்தான், ஆனால் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதைத் தவிர அவருக்கும் வழி இருக்காது.

உங்கள் கடிதங்களை அவர் படித்த பிறகு ஃபைலில் கோர்ப்போம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு முன்பக்கத்துக்குச் சிவப்பு, பின்பக்கத்துக்கு நீலம். அவ்வளவுதான்.

உங்கள் சின்னவள்


பிப்ரவரி 21

அன்புள்ள சின்னவளுக்கும், இதைப் படிக்கப்போகும் பேராசிரியர் அம்மாவுக்கும்,

அனைவரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, என்னைவிட்டு அது எங்கே போகும்?

பதினைந்தாம் தேதி தொடங்கிவிட்டோம். காலை ஏழுக்கு நான் விசில் ஊதுகிறேன், இரண்டு கூண்டும் தண்ணீர்த் தட்டுக்கு ஓடி வருகின்றன. உன் அக்கா பக்கத்தில் நின்று, தட்டுக்கு இரண்டு மூடி என்று அளவு பார்க்கிறாள். ஒரு சொட்டு கூடினால், "அப்பா, அது மூடி. கரண்டி இல்ல" என்கிறாள். எட்டு மணிக்கு அவள் பைண்டிங் கடைக்குப் போய்விடுவாள். அங்கே மிச்சமாகிற காகிதத்தைத் தைத்து ஒரு நோட்டு கொண்டுவந்து வைத்திருக்கிறாள், அதில் என்னமோ எழுதுகிறாள். வீட்டுச் செலவாக இருக்கும்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் விரலில் பட்டுவிட்டது. அந்த விரல் போய் வாயில் பட்டுவிட்டது. அப்புறம் இன்னொரு புட்டியிலும் அதே மாதிரி நடந்துவிட்டது. சிவப்பு ஒரே கசப்பு. நீலம் சப்பென்று இருக்கிறது. நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நாக்கு கண்டுபிடித்துவிட்டது.

உன் அப்பா


மார்ச் 1

அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் நாக்கும் நலம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

பேராசிரியர் அம்மா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இனிமே அவரால கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று உங்களுக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா, அதைக் காப்பாற்றிக்கொடுங்கள்.

இன்று கால்நடை டாக்டர் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு ஊசி போட்டிருப்பார். எட்டு வாரம் கழித்து, ஏப்ரல் இருபத்தாறில், மறுபடி ரத்தம் எடுப்பார். அதோடு முடிந்தது. அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் சின்னவள்


மார்ச் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஊசி நல்லபடியாகப் போட்டாயிற்று. இன்ஸ்பெக்டர் மட்டும் டாக்டரின் கைக்கடிகாரத்தைக் கொத்திப் பார்த்து, சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் விட்டது.

இனி எழுதப்போவது நல்ல சேதி இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரரின் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது. இந்தத் திங்கட்கிழமை ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. வியாழக்கிழமைக்குள் ஒன்பதும் போய்விட்டன. ஊசி போடுங்கள் என்று டாக்டர் கேட்டபோது, "எங்கிட்ட இல்லாத ஊசியா?" என்று சிரித்து அனுப்பியவர் அவர். இப்போது காலியான கூட்டின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பட்டன் தைக்கக் கொடுத்த சட்டையைக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நம் கோழிகளுக்கு ஊசி போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அது வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? நேற்று இன்ஸ்பெக்டர் யாரையும் கொத்தவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நிற்கிறது. காலையில் முன்பக்கத்துக்குக் கசப்பை ஊற்றிவிட்டுப் பின்பக்கம் போய்ச் சப்பென்றதை ஊற்றும்போது, அந்த முப்பதும் என்னை அண்ணாந்து பார்க்கின்றன. எனக்குத் தெம்பில்லை.

அப்புறம், சிவப்பு மூடிப் புட்டி ஒன்று கைதவறி உடைந்துவிட்டது. இரண்டு அனுப்பிவைத்தால் நல்லது.

உன் அப்பா


மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். படித்ததும் பயந்துவிட்டேன். சிவப்பு மூடி இரண்டு இன்றே பார்சலில் போட்டேன்.

ஊசிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்தக் கடிதம் வருவதற்குள் ஆபத்து குறைந்திருக்கும். அதுவரை தையல்காரர் வீட்டுக்குப் போன செருப்போடு கூண்டுப் பக்கம் போகாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாரையும் உள்ளே விடாதீர்கள். பின்பக்கக் கோழிகளும் பாதுகாப்பில்லாமல் இல்லை, அப்பா. அவற்றுக்கும் அதே ஊசிதான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. புட்டி உடைந்ததுதானே?

உங்கள் சின்னவள்


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம். பார்சல் கிடைத்தது, நன்றி.

செருப்பு, சோப்பு எல்லாம் நீ சொன்னபடியே. இன்ஸ்பெக்டர் நான்கு நாள் படுத்துவிட்டு ஐந்தாம் நாள் எழுந்து உன் அக்காவின் கொலுசைக் கொத்தியது. அந்தச் சந்தோஷத்தில் நான் விசிலை ஊத, தெருவே எட்டிப் பார்த்தது. அறுபதும் உயிரோடு இருக்கின்றன. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டருக்குச் சொன்னேன், பார்சல் குமாஸ்தாவுக்கும் சொன்னேன்.

வேறு விசேஷம் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு வழக்கம்போல பஸ் நிலையம் போய்ப் பழைய ஆட்களோடு டீ குடிக்கிறேன். உன் அக்கா இப்போதெல்லாம் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிறாள், முதலாளியிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொண்டாளாம். ஏன் என்று கேட்டால், "கண்ணு வலிக்குதுப்பா" என்கிறாள். கண்ணாடி வாங்கித்தர வேண்டும்.

பின்பக்கம் கிணற்றடியில் செத்துக்கொண்டிருந்ததே எலுமிச்சைச் செடி, அது திடீரென்று தழைத்து நிற்கிறது. ஒரே பூ. இந்த வீட்டில் எதற்கு எப்போது யோகம் அடிக்கும் என்று சொல்ல முடியவில்லை.

உன் அப்பா


மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலமா? ஏப்ரலில் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால் இது மூன்றாவது.

டாக்டர் அனுப்பிய ரத்தம் வந்து சேர்ந்துவிட்டது. வரும் இருபதாம் தேதி பரிசோதிக்கப்போகிறோம். அதற்கு முன் கேட்கிறேன். இந்தக் கடிதம் ஃபைலில் சேராது, பேராசிரியர் அம்மாவும் படிக்க மாட்டார்.

புட்டி உடைந்ததா என்று மார்ச்சில் கேட்டேன். நீங்கள் எலுமிச்சைச் செடியைப் பற்றி எழுதினீர்கள்.

பின்பக்கக் கூண்டுக்கும் சிவப்பு போயிருந்தால் இரண்டு கூண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பார்ப்பவர்கள், இந்தச் சாறு எதற்கும் உதவாது என்றுதான் முடிவு கட்டுவார்கள். அந்தப் பொய்யை என் பெயர் போட்டு நான் எழுத வேண்டியிருக்கும். என் இடம் போனாலும் பரவாயில்லை, அதை மட்டும் என்னால் செய்ய முடியாது. திட்ட மாட்டேன். சொல்லிவிடுங்கள், அப்பா.

உங்கள் சின்னவள்


மே 11

அன்புள்ள சின்னவளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

புட்டி உடையவில்லை.

தையல்காரர் ஒன்பதாவது கோழியைப் புதைத்த அன்று சாயங்காலம் தொடங்கினேன். காலையில் உன் அக்கா எதிரில் சிவப்பும் நீலமும் ஒழுங்காக ஊற்றுவேன். நான்கு மணிக்கு பஸ் நிலையத்துக்குக் கிளம்பும்முன் பின்பக்கத் தட்டில் இரண்டு மூடி சிவப்பு. ஊற்றியதும் நின்று பார்க்கக்கூட மாட்டேன், ஓடிவிடுவேன். கடைசி வரை தினமும் இதைச் செய்தேன். முப்பது வருஷத்தில் டிக்கெட் இல்லாமல் ஒருத்தரை ஏற்றினதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், முப்பது கோழியைத் திருட்டுத்தனமாக ஏற்றிவிட்டேன். உன் இரண்டு வருஷத்தை நான் கெடுத்துவிட்டேன். உன் பேராசிரியர் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லு. உன் பெயர் கெடக் கூடாது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். கோழி மேல் பாசம் என்று எழுதித் தப்பித்துவிடலாம். பாதிதான் உண்மை.

உங்கள் அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் உனக்குப் பதினொன்று, உன் அக்காவுக்குப் பதினைந்து. யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். நான் உட்கார்ந்து யோசிக்கக்கூட இல்லை. "பெரியவ நின்னுக்கட்டும்" என்று வாயில் வந்துவிட்டது. அவளும் சரி என்றுவிட்டாள். மறுநாள் காலை என் பஸ்தான். நம் நிறுத்தத்தில் நீ மட்டும் ஏறினாய். அவள் உன் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுக் கீழே நின்றாள். எப்போதும் இருவரும் ஏறினதும் நான் விசில் ஊதுவேன். அன்றைக்கு ஒருத்தி கீழே நிற்கும்போது ஊதினேன். வண்டி நேரத்துக்குப் போக வேண்டாமா?

அம்மா மூன்று வருஷம் இருந்தாள். அதற்குள் பெரியவள் பள்ளிக்கூடத்துக்கு வயசைத் தாண்டிவிட்டாள். நீ படித்தாய். உனக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, சந்தோஷம்தான். ஆனால் ஒரு கூண்டுக்கு மருந்து, ஒரு கூண்டுக்குத் தண்ணீர் என்று இன்னொரு தடவை என் கையால் ஊற்ற முடியவில்லை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

மன்னிப்பு என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேறு தெரியவில்லை.

உன் அப்பா


மே 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. சுகம். பத்தாவதோடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொள்.

அப்பா இந்தக் கவரை ஒட்டாமல் என்னிடம் கொடுத்து, கடையில் பசை போட்டுத் தபாலில் சேர்க்கச் சொன்னார். ஒட்டும்முன் படித்துவிட்டேன். தப்புதான். நான் படித்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் சோதனை கெடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பார்சல்.

மார்ச் பன்னிரண்டு முதல் மூன்று சாயங்காலம் அவர் ஊற்றியது எனக்குத் தெரியாது. நான்காம் நாள் கடையிலிருந்து வந்தபோது பின்பக்கத் தட்டில் பழுப்பு இருந்தது. நானும் விரலை வைத்து நக்கிப் பார்த்தேன். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் கண்ணால் பார்த்து நம்புகிற பழக்கம் இல்லை. ஒரே கசப்பு. மறுநாளிலிருந்து கடையில் சொல்லிவிட்டு மூன்றரைக்கே கிளம்பி, கிணற்றுப் பக்கம் நின்றுகொள்வேன். அவர் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார். தெருமுனை தாண்டியதும் தட்டை எடுத்துக் கொட்டிவிட்டு, கழுவி, நல்ல தண்ணீர் வைப்பேன். அந்த ஐந்து நிமிஷத்தில் எந்தக் கோழியாவது வாய் வைத்துவிட்டால் அதன் நம்பரை எழுதியிருக்கிறேன். மொத்தம் நான்கு. அதில் இன்ஸ்பெக்டரும் ஒன்று, சொல்லவே வேண்டாம்.

எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. தொடங்கின நாள் முதல் கடைசி நாள் வரை, தேதி, மணி, எந்தத் தட்டில் எவ்வளவு மிச்சம், எது சாப்பிடவில்லை, எது எச்சம் வெள்ளையாகப் போட்டது. உனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதினேன்.

அவரிடம் ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் நோய் வந்த அந்த வாரம் முழுக்க அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஊற்றத் தொடங்கின பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். அவருக்கு ஊற்றின மாதிரியும் இருக்க வேண்டும், உனக்கு ஊற்றாத மாதிரியும் இருக்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த பஸ் விஷயம். நான் அன்றைக்கு அழுதேன், வீட்டுக்கு வந்து. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அம்மாவோடு மூன்று வருஷம் இருந்தவள் நான்தான். அவள் பேசினது, சிரித்தது எல்லாம் எனக்குத்தான் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. அதனால் எனக்கு வெறும் தண்ணீர்தான் என்று அவர் கணக்குப் போட வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். ரத்தத்துக்குள் இருக்கிற அந்த எதிர்ப்புச் சத்தை எப்படி எண்ணுகிறீர்கள்? கண்ணுக்குத் தெரியுமா? பத்து வாரம் எழுதியிருக்கிறேன். எதற்கு எழுதினேன் என்று தெரிய வேண்டாமா? சுருக்கமாக எழுதாதே. விளக்கமாக எழுது.

அக்கா


மே 27

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் மிக நலம். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் என் சோதனையைக் கெடுக்கவில்லை. கெடுக்கத்தான் பார்த்தீர்கள், அக்கா விடவில்லை. முதல் நான்கு நாள் போக, நீங்கள் பஸ் நிலையம் போன ஒவ்வொரு சாயங்காலமும் அவள் பின்பக்கத் தட்டைக் கொட்டிக் கழுவி நல்ல தண்ணீர் வைத்திருக்கிறாள். தேதியோடு எழுதியும் வைத்திருக்கிறாள். அது வீட்டுச் செலவு நோட்டு இல்லை, அப்பா.

நீங்கள் ஊற்றியதையும் அவள் கொட்டியதையும் மறைக்காமல் பேராசிரியர் அம்மாவிடம் சொல்லி நோட்டையும் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு, "இவங்க எங்க படிச்சாங்க?" என்றார். பத்தாவது வரை என்றேன். "நான் கேட்டது அது இல்ல. இப்படிப் பார்க்கறதுக்கு எங்க கத்துக்கிட்டாங்க?" என்றார். முதல் நான்கு நாள் நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டு, அந்த நான்கு கோழிகளை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். இன்ஸ்பெக்டரிடம் வருத்தம் தெரிவியுங்கள்.

முன்பக்கக் கூண்டுக்கு எதிர்ப்புச் சத்து கூடுதலாக இருக்கிறது. மலை அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. முப்பது கோழியை வைத்துக்கொண்டு ஊருக்கு மருந்து சொல்ல முடியாது. அடுத்த பெரிய சோதனைக்குப் போக இது போதும். என் இடமும் பத்திரம்.

அந்தச் சோதனை நான்கு பண்ணைகளில் நடக்கும். கோழிகளைப் பார்த்து எழுத ஒருத்தர் வேண்டும். பேராசிரியர் அம்மா வேறு யாரையும் யோசிக்கவில்லை. அக்காவுக்குத் தனிக் கடிதம் உள்ளே இருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்குப் பதினோரு பக்கம் பதில் எழுதியிருக்கிறேன், படம் போட்டு. நீங்கள் பிரிக்கக் கூடாது.

நான் படித்ததற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தெரியும், அப்பா. வாய்விட்டு இது வரை சொன்னதில்லை. அவளுக்கு எழுதிய பன்னிரண்டாவது பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

உங்கள் சின்னவள்

பின்குறிப்பு: கொட்டினதை எல்லாம் எங்கே கொட்டினாள் என்று கேட்டுப் பாருங்கள்.


ஜூன் 10

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் அறுபது கோழிகளும் சுகம். அறுபத்திரண்டில் ஒன்று குறைகிறது, அது நாளைக் காலை உன் வீட்டு வாசலில் இறங்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "எங்கடி கொட்டின?" என்று கேட்டேன். அவள் கிணற்றடியைக் காட்டினாள். உன் ஆராய்ச்சி மருந்தை ஒன்றரை மாதம் தின்று கொழுத்தது அந்த எலுமிச்சை. இந்தத் தெருவிலேயே வெள்ளைக்கழிச்சல் வராத ஒரே செடி அதுதான்.

"என்னை இப்படி ஏமாத்திட்டியே" என்றேன். "நீங்க மட்டும்?" என்றாள். சிரித்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் அதுதான், சிரிப்பினால்தான்.

உன் பதினோரு பக்கத்தை நான்கு தடவை படித்தாள். பன்னிரண்டாவது பக்கத்தை மட்டும் மடித்துத் தனியாக வைத்துக்கொண்டாள். பைண்டிங் கடை முதலாளி அவளுக்கு இருநூறு பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று தானே தைத்துக் கொடுத்திருக்கிறார். தையல்காரர் புதுசாக ஆறு குஞ்சு வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை டாக்டரைத் தேடிப் போய் அவரே கூட்டிவந்தார். மிச்சமிருந்த சிவப்பு மூடிப் புட்டியை உன் அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அந்தத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெற்ற அப்பன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

இன்று காலை அவளை ஏற்றிவிடப் பழைய நிறுத்தத்துக்கே போனோம், தையல்காரரும் கூட வந்தார். வண்டி வந்தது. கண்டக்டர் என்னிடம் வேலை கற்றவர். முன்னால் ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார். நான் பெட்டியை ஏற்றினேன். எலுமிச்சம்பழம் பன்னிரண்டு கட்டி வைத்திருந்தேன், உனக்கு ஆறு, பேராசிரியர் அம்மாவுக்கு ஆறு. அந்தப் பையை இந்தத் தடவை நான்தான் கீழே நின்று ஜன்னல் வழியாக நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, "அண்ணே, விசிலை அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் கவரை நான் ஒட்டாமல்தானே கொடுத்தேன்.

கையில் விசிலை வைத்துக்கொண்டு நின்றேன், வாய்க்குப் போகவில்லை. வண்டி முழுக்கக் காத்திருக்கிறது. "நேரமாகுதுப்பா, ஊதுங்க" என்றாள்.

ஊதினேன், சின்னவளே. என் சர்வீசில் அவ்வளவு நீளமாக ஒரு நாளும் ஊதினதில்லை. வண்டி முனை திரும்பின பிறகும் ஊதிக்கொண்டிருந்தேன் என்று தையல்காரர் சொல்கிறார். விசில் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, அந்தக் கண்டக்டர் இன்று என்ன செய்கிறாரோ.

உன் அப்பா